ரேடியோ ஆன்: மேற்கே போகும் ஒரு பழைய ரோவர்

கிறிஸ்டோபர் பெட்டிட்டின் ‘ரேடியோ ஆன்’ படத்தைக் கதை சொல்லி ஒருவரையும் பார்க்க வைக்க முடியாது. லண்டனில் இருக்கும் ராபர்ட் என்பவனுக்கு, பிரிஸ்டலில் இருந்த சகோதரன் இறந்துவிட்டான் என்று செய்தி வருகிறது. பழைய ரோவர் காரை எடுத்துக்கொண்டு மேற்கே புறப்படுகிறான். வழியில் சிலரைச் சந்திக்கிறான். சகோதரன் ஏன் இறந்தான் என்பது அவனுக்கும் சரியாகத் தெரியவராது, நமக்கும் தெரியவராது. அவ்வளவுதான். 1979இல் வந்த படம், கறுப்பு வெள்ளை, 104 நிமிடம். இவ்வளவையும் சொன்னதும் என் மனைவி தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட ப்ளூ-ரே டிஸ்க்கை வாங்கி, பல வருடங்களுக்குப் பிறகு இதை மறுபடி பார்த்தேன். முதல் தடவை பார்த்தது எண்பதுகளின் நடுப்பகுதியில். யாரோ ரீவியில் இருந்து பதிந்து, கைமாறிக் கைமாறி எங்கள் அறைக்கு வந்து சேர்ந்த வீடியோ கசெட் அது. அதில் இரவுக் காட்சிகள் எல்லாம் ஒரே சாம்பல் குழம்பு. கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று எஞ்சின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிஸ்க்கில் பார்க்கும்போது கதையே வேறு. மழையில் நனைந்த தார், கண்ணாடியில் வழியும் விளக்கு, தொழிற்சாலைச் சுவரின் கரி, மங்கிய பகல் வானம் எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. படச்சுருளின் பொடிப்பொடியான மணிகளை வழித்து எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். ஒளிப்பதிவு செய்தவர் மார்ட்டின் ஷேஃபர். ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸின் படங்களில் உதவி ஒளிப்பதிவாளராக இருந்தவர். வெண்டர்ஸின் பெர்லின் நிறுவனமும் இந்தப் படத்தில் பங்காளி, அவரே இணைத் தயாரிப்பாளர். அதனால்தான் இங்கிலாந்தை இங்கிலாந்துக்காரர் யாரும் அதுவரை பார்க்காத மாதிரிப் பார்க்கிறது கமரா. பசும் புல்வெளியும் இல்லை, தேவாலயக் கோபுரமும் இல்லை. மேம்பாலம், கம்பி வேலி, லொறி, வெறுமையான ஹொட்டல் அறை.

படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ‘அந்நியமாதல்’, ‘ஐரோப்பியப் பாணி’ என்று ஏதாவது சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. இங்கே புதிதாக வந்து இறங்கின ஒருவனுக்கு இந்த நாடு எப்படித் தெரிந்ததோ, அப்படியே எடுத்த ஒரே ஆங்கிலப் படம் இதுதான் என்று நினைக்கிறேன். எடுத்தவர் இங்கேயே இருந்தவர், ஒரு லண்டன் வாரப் பத்திரிகையில் சினிமாப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். என்றாலும் கார்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துதான் நாட்டைப் பார்க்கிறார். யாரும் யாரையும் உள்ளே கூப்பிடுவதில்லை. நாங்களும் கொஞ்சக் காலம் அப்படித்தான் பார்த்தோம். எனக்கு அந்தக் கண்ணாடி ஒரு பெற்றோல் ஷெட்டின் இரவு ஜன்னல்.

கிரேட் வெஸ்ட் ரோட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் இரவு வேலை, பகலில் வகுப்பு. அந்தக் காலத்தில் லண்டனுக்கு வந்த எங்கள் பெடியள் பாதிப் பேரின் கதை இது. கதவைப் பூட்டிவிட்டு, தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, கீழே உள்ள தட்டை வெளியே தள்ளிக் காசை இழுக்க வேண்டும். ஃபோர் ஸ்டார் பெற்றோல் எவ்வளவு, எத்தனையாம் பம்ப், சிகரெட் என்ன பெயர்: எங்கள் ஆங்கிலத்துக்கு அதற்குமேல் வேலை இருக்கவில்லை. காசு கொடுக்காமல் அடித்துக்கொண்டு ஓடுகிற காரின் நம்பரை எழுதிவைக்க ஒரு கொப்பி இருந்தது. நம்பரைத் தவறவிட்டால் நம் சம்பளத்தில் வெட்டுவார்கள். முதலாளியும் நம் ஆள்தான், அதைச் சொன்னால் பெரிய கதை, விடுங்கள்.

அந்த நாட்களில்தான் கசெட் கைக்கு வந்தது. எனக்கு முன்னால் அதைப் பார்த்த அண்ணை ஒருவர் சொன்னது ஞாபகம்: “தம்பி, ஒண்டும் விளங்காது. ஆனால் நம்மட வேலை பாக்கிற ஆள் ஒருத்தன் வாறான், அதுக்காகப் பார்.”

அந்த ஆள் ஸ்டிங். போலீஸ் என்ற இசைக்குழுவின் பாடகர். படம் எடுத்தபோது அவர் பெயர் அப்போதுதான் வெளியே வரத் தொடங்கியிருந்தது. இதில் ஊருக்கு வெளியே ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்யும் இளைஞன். ஒரு கரவனுக்குள் இருந்துகொண்டு கிட்டார் வாசிக்கிறான். எடி கொக்ரன் என்ற அமெரிக்கப் பாடகர் மேல் பைத்தியம். ராபர்ட் வந்து பெற்றோல் போடுகிறான், இரண்டு பேரும் கொக்ரனைப் பற்றிக் கதைக்கிறார்கள், ஸ்டிங் ‘த்ரீ ஸ்டெப்ஸ் டு ஹெவன்’ பாடுகிறான். காட்சி இவ்வளவுதான். ஆனால் படம் முழுவதிலும் இரண்டு மனிதர் முகத்தை நேராகப் பார்த்துச் சிரிக்கிற இடம் கிட்டத்தட்ட இது ஒன்றுதான்.

இந்தக் காட்சிக்குப் பின்னால் உண்மையான ஒரு சாவு இருக்கிறது. 1960 ஏப்ரலில் எடி கொக்ரன் பிரிஸ்டலில் நிகழ்ச்சி முடித்துவிட்டு டாக்சியில் லண்டன் பக்கம் வந்தபோது, சிப்பனம் ஊரில் ரௌடன் ஹில் என்ற இடத்தில் கார் விபத்துக்குள்ளானது. பாத் நகர மருத்துவமனையில் அடுத்த நாள் இறந்தார். வயது 21. கூட வந்த இன்னொரு அமெரிக்கப் பாடகர் ஜீன் வின்சன்ட் காயங்களோடு தப்பினார். ‘த்ரீ ஸ்டெப்ஸ் டு ஹெவன்’ கொக்ரன் இறந்த பிறகு பிரித்தானியாவில் முதலிடத்துக்கு வந்த பாட்டு. விபத்து நடந்தது லண்டனையும் பிரிஸ்டலையும் இணைக்கும் பழைய ஏ4 வீதியில். ராபர்ட் லண்டனில் இருந்து பிரிஸ்டலுக்குப் போகிறான், கொக்ரன் பிரிஸ்டலில் இருந்து லண்டனுக்கு வந்துகொண்டிருந்தார். முன்பு பார்த்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. யாரோ செத்துப்போன பாட்டுக்காரன் என்று மட்டும் விளங்கியது. இப்போது தெரிந்து பார்க்கும்போது, படத்தின் தொடக்கத்தில் ராபர்ட் போடுகிற பாட்டும் பிடிபடுகிறது. அவன் வேலை, தொழிற்சாலையில் பிஸ்கட் செய்கிற ஆட்களுக்கு ரெக்கோட் போடுவது. யாரோ கேட்ட பாட்டை விட்டுவிட்டு இயன் டியூரியின் ‘ஸ்வீட் ஜீன் வின்சன்ட்’ பாட்டைப் போடுகிறான். தப்பியவரின் பாட்டில் தொடங்கி, செத்தவரின் பாட்டு நோக்கிக் கார் போகிறது. பெட்டிட் இதை யாருக்கும் விளக்குவதில்லை.

பிஸ்கட் தொழிற்சாலைக்கு வானொலியா என்று கேட்காதீர்கள். உண்மையாகவே இருந்தது. யுனைடெட் பிஸ்கட்ஸ் நிறுவனம் 1970இல் தொடங்கி 1979 வரை தன் தொழிலாளருக்காக மட்டும் ஒரு வானொலி நடத்தியது. ஒலிபரப்பு ஒஸ்டர்லியில் இருந்து. நான் வேலைக்குப் போய் வந்த அதே கிரேட் வெஸ்ட் ரோட்டுப் பக்கம்தான் ஒஸ்டர்லி. எங்கள் அறையில் இருந்த ஒருவர் பிறகு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. காதை அடைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டிய மெஷின் சத்தம்தான். நாங்கள் வந்து சேர்ந்த நேரம் அந்த வானொலிக் காலம் முடிந்துபோயிருந்தது.

ஸ்டிங் காட்சிக்காக எல்லோரும் இந்தப் படத்தைப் பேசுவார்கள். என்னை இந்தத் தடவை பிடித்து நிறுத்தியது வேறு காட்சி. ராபர்ட் வழியில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரனைக் காரில் ஏற்றுகிறான். பட்டாளத்தான். அப்போது மோதல் நடந்துகொண்டிருந்த வட அயர்லாந்தில் பணி செய்தவன், இனிமேல் அங்கே போகமாட்டேன் என்று ஓடிவந்தவன். ஆண்ட்ரூ பயட் நடித்திருக்கிறார். வேலை கிடைக்காமல் படையில் சேர்ந்த கதையையும், அங்கே பார்த்ததையும் பேசிக்கொண்டே வருகிறான். பேசப் பேசக் குரல் ஏறுகிறது. ராபர்ட் ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. பயமா, அலுப்பா என்று அவன் முகத்தில் தெரியாது. கடைசியில் அவனை நடுவழியில் விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

இருபது வயதில் இதைப் பார்த்தபோது எங்கள் அறையில் எல்லோரும் ராபர்ட் பக்கம். ஆமிக்காரனை ஏன் ஏற்றினான், இறக்கிவிட்டது சரிதான் என்றுதான் பேச்சு. ஆமி என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது, அதற்கு எங்களிடம் காரணமும் இருந்தது. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவருகிற ஆமிக்காரன் என்று ஒருவன் இருக்கலாம் என்பதை யோசிக்க அப்போது எங்களில் யாருக்கும் மனம் இருக்கவில்லை. இப்போது பார்க்கும்போது எனக்கு ராபர்ட் மேல்தான் கோபம் வந்தது. அந்தப் பெடியன் அந்தக் காரைவிட்டால் போக இடமில்லாதவன். கார் ரேடியோவில் வட அயர்லாந்துச் செய்தி வந்துகொண்டே இருக்கும், ராபர்ட் அதைக் கேட்டபடி ஓட்டுவான். செய்தியே பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்ததும் அவனுக்குத் தாங்கவில்லை. படத்தின் மிக நல்ல பத்து நிமிடம் இதுதான் என்று சொல்வேன். ஸ்டிங் ரசிகர்கள் மன்னிக்கட்டும்.

அப்புறம் பாட்டு. தொடக்க எழுத்துகளிலேயே இசைக்குழுக்களின் பெயர்களை நடிகர்களுக்குச் சமமாகப் போடுகிறார்கள், அது நியாயமும்கூட. முதல் காட்சி: கமரா யாரோ ஒருவரின் தோளில் ஏறினதுபோல் ஒரு வீட்டுக்குள் தடவித் தடவிப் போகிறது, குளியல் தொட்டியில் ஒருவன் செத்துக் கிடக்கிறான், பின்னால் டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ ஆங்கிலத்தில் தொடங்கி ஜெர்மனுக்கு மாறுகிறது. சுவரில் ஒரு கடதாசி, அதில் ‘நாங்கள் ஃபிரிட்ஸ் லாங்கினதும் வெர்னர் ஃபொன் பிரவுனினதும் பிள்ளைகள்’ என்று தொடங்கும் வரிகள். சினிமாக்காரர் ஒருவர், ராக்கெட் செய்தவர் ஒருவர். லண்டனை விட்டு இரவில் வெளியேறும்போது மறுபடி போவி. சகோதரன் சாவதற்கு முன் ராபர்ட்டுக்கு அனுப்பிவைத்த பிறந்தநாள் பரிசு, கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் இசைக்குழுவின் கசெட்டுகள். செத்தவன் தேர்ந்தெடுத்த பாட்டைத்தான் உயிரோடு இருப்பவன் காரில் போட்டுக்கொண்டு போகிறான். டீவோ, ரெக்லெஸ் எரிக், லீன் லவிச், ரொபர்ட் ஃபிரிப் என்று அந்த வருடங்களின் பெட்டியையே கொட்டியிருக்கிறார்கள்.

இதில் யாரையும் அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் காரில் ஓடியது இளையராஜா. நண்பன் ஒருவன் பிரிஸ்டல் பக்கம் வேலை எடுத்துப் போனபோது, அவனைப் பார்க்க நாங்களும் அதே வீதியில் போவோம். எம்4 மோட்டர்வே 1971இலேயே முழுதாகத் திறந்தாகிவிட்டது. ஆனாலும் எங்கள் காரின் எஞ்சின் நிலவரத்தில், நின்றால் நடந்துபோய் உதவி கேட்கக்கூடிய வீதிதான் வேண்டும் என்று ஓட்டுகிறவர் முடிவு செய்துவிடுவார். ஆகவே ஏ4. ஸ்லவ், ரெடிங், நியூபெரி, ஹங்கர்ஃபோர்ட், மார்ல்பரோ. மார்ல்பரோ தாண்டினதும் வீதியோரமாக சில்பெரி ஹில் வரும், நாலாயிரம் வருடத்துக்கு முன்பு மனிதர் மண்ணைக் கொட்டி எழுப்பிய மேடு. ஏன் எழுப்பினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. படத்திலும் அந்த மேடு வருகிறது. ராபர்ட் அதைத் தாண்டிப் போகிறான், நாங்களும் அப்படித்தான் தாண்டினோம். பின் சீட்டில் இருந்தவர் அது குப்பை கொட்டி மூடின மேடு என்று அடித்துச் சொன்னார், நாங்களும் நம்பினோம். சிறிது தூரத்தில் செரில் குன்றில் வெட்டின வெள்ளைக் குதிரை. பிறகு கால்ன், சிப்பனம், பாத். பாட்டு இரண்டு பக்கமும் முடிந்து கசெட்டைத் திருப்பிப் போடுவதில்தான் நாங்கள் தூரத்தை அளந்தோம். படத்தில் ராபர்ட் கசெட்டை உள்ளே தள்ளுகிற அந்தச் சின்ன ‘டக்’ சத்தம் கேட்டபோது, கிராஃப்ட்வெர்க்குக்குப் பதிலாக என் காதில் வேறு பாட்டு ஓடியது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. டேவிட் பீம்ஸ் ராபர்ட்டாக நடித்திருக்கிறார், நடித்திருக்கிறார் என்பதைவிட இருக்கிறார் என்று சொல்லலாம். துக்கம் அமுங்கிப்போன ஆள் என்பது சரி. ஆனால் ஒரு முறையாவது அந்த முகத்தில் ஏதாவது அசைய வேண்டாமா? பெண்களை இந்தப் படத்துக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை. லண்டனில் அவனோடு இருக்கும் பெண் சில நிமிடத்தில் காணாமல் போகிறாள், அவள் போனதைப் படமும் பெரிதாகக் கவனிப்பதில்லை. பிரிஸ்டலில் லீசா க்ரொய்ட்சர் வருகிறார், இங்க்ரிட் என்ற ஜெர்மன் பெண். அலிஸ் என்ற தன் மகளைத் தேடி இங்கிலாந்து வந்திருக்கிறார். வெண்டர்ஸின் ‘அலிஸ் இன் த சிட்டீஸ்’ படத்திலும் இவர்தான் அலிஸின் தாய், ஆகவே இது அதைப் பார்த்தவர்களுக்கு ஒரு கண்சிமிட்டல். தெரியாதவர்களுக்கு, பிள்ளையைத் தேடி வந்த ஒரு தாய். அந்தத் தாயின் கதை ராபர்ட்டின் கதையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது. மொழி சரியாக வராத நாட்டில், தன் பிள்ளை எங்கே என்று விசாரித்துத் திரிகிற பெண்! படம் அவளோடு வெஸ்டன்-சூப்பர்-மேர் கடற்கரை வரை போய்விட்டு, மறுபடி இவனிடம் திரும்பிவிடுகிறது. சகோதரனின் சாவுக்குப் பின்னால் ஏதோ ஆபாசப் பட விவகாரம் இருப்பதுபோல் ரேடியோச் செய்தியில் கோடு காட்டுகிறார்கள். அதையும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். துப்பறியும் கதை எதிர்பார்த்துப் போடுகிறவர்களுக்கு அரை மணிக்குள் நித்திரை வரும்.

பிரிஸ்டல் ஹொட்டல் காட்சியை மட்டும் தவறவிடாதீர்கள். அறை ஜன்னலுக்கு நேரே மேம்பாலம். கார்கள் அவன் கட்டிலுக்குப் பக்கத்தால் போவதுபோல் போகின்றன. டெம்பிள் மீட்ஸ் ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்த அந்த மேம்பாலம் இப்போது இல்லை. நாங்கள் அதில் ஏறி இறங்கியிருக்கிறோம். ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான இரும்புப் பாலம், ஏறும்போது உயரத்தில் இருந்த ஜன்னல்களுக்குள் பார்வை போகும். உள்ளே இருக்கிறவர் நம்மைப் பார்க்கிறாரா என்று அப்போது யோசித்ததில்லை.

டிஸ்க்கில் ‘ரேடியோ ஆன் ரீமிக்ஸ்’ என்று 24 நிமிடத் துண்டு ஒன்றும் இருக்கிறது. 1998இல் பெட்டிட்டே பழைய இடங்களுக்குத் திரும்பிப் போய் எடுத்தது. ஒலியை வயர் இசைக்குழுவின் புரூஸ் கில்பர்ட் கலக்கியிருக்கிறார். பழைய காட்சியும் புதிய வீடியோவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எழுத்துகள் ஓடி, சத்தங்கள் உடைந்து போகும். முதல் பார்வையில் தலையிடிதான். ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போனால் அது நமக்காகக் காத்திருக்காது என்பதை இவ்வளவு கசப்பாகவும் கொஞ்சம் குறும்பாகவும் வேறு யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. முழுப் படத்தையும் பார்த்த அன்றே இதைப் போடாதீர்கள். இரண்டு நாள் விட்டுப் போடுங்கள்.

கூட வரும் சிறு புத்தகம் வாசிக்கத் தகுந்தது, ஆனால் எழுத்து மிகச் சின்னது. கண்ணாடி போட்டும் நான் விளக்கடியில் பிடிக்க வேண்டியிருந்தது. பாட்டுக்காகவே பார்க்கிற படம் என்பதால் ரீவியின் சொந்த ஸ்பீக்கரை நம்பவேண்டாம். நல்ல ஹெட்போனாவது எடுங்கள், முக்கியமாக முடிவுக்கு. கற்குழியின் விளிம்பில் கார் நின்றுபோய், கதவு திறந்தபடி, உள்ளே கிராஃப்ட்வெர்க்கின் ‘ஓம் ஸ்வீட் ஓம்’ ஓடிக்கொண்டிருக்கும். ராபர்ட் அதை அப்படியே விட்டுவிட்டு நடந்து போய் ரயில் ஏறுகிறான். அந்தப் பாட்டு மெதுவாகத் தொடங்கி வேகம் எடுப்பது, ரீவி ஸ்பீக்கரில் வெறும் டிக்டிக் என்றுதான் கேட்கும்.

பிரித்தானியாவுக்கு வெளியே இருக்கிறவர்கள், உங்கள் ப்ளேயர் எந்த வலயத்து டிஸ்க்கை ஏற்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். என் மச்சான் கனடாவில் இருந்து இரவல் கேட்டிருக்கிறான். அவனும் அதே ஷெட்டில் எனக்கு மாற்றாக வேலை பார்த்தவன். வேறு எதைக் கேட்டாலும் அனுப்புவேன். இதை மட்டும் வந்து என் வீட்டில் இருந்து பார் என்று சொல்லியிருக்கிறேன்.